வீரியம் கூடியது கிருமிக்கா, சரிந்தது எலியா?

கதிர்வீச்சு பட்ட சுண்டெலிகள், வழக்கமான அளவில் நூறில் ஒரு பங்கு பாக்டீரியாவுக்கே செத்துவிழுந்தால் "கிருமியின் வீரியம் ஏறிவிட்டது" என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். எலியின் எதிர்ப்பாற்றலைச் சாய்க்க 5 கிரே (உடல் ஏற்கும் கதிர் அளவின் அலகு) போதும். ஈ. கோலை பாக்டீரியாவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கவே நூறு கிரேக்கு மேல் வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு ஊசி போட்டிருந்தாலோ, அந்தக் கிருமி கதிரையே கண்டதில்லை.

சோதிப்பது எளிது. செத்துக்கொண்டிருக்கும் எலியின் மண்ணீரலிலிருந்து கிருமியை எடுத்து வளர்த்து, கதிர் படாத எலிகளுக்குப் பத்து மடங்கு நீர்த்தல்களாகக் கொடுங்கள். எல்டி50 (பாதி எலிகளைக் கொல்லும் கிருமி அளவு) மூலக் கிருமியினுடையதோடு ஒத்துவந்தால் வீரியம் மாறவில்லை. கொடுத்த அளவை வளர்ப்புத் தட்டில் எண்ணியே எழுதுங்கள். 30 முதல் 300 காலனி உள்ள தட்டுதான் கணக்கு. கிருமித் திரவத்தின் கலங்கலை மட்டும் அளந்தால் செத்த செல்லும் சேர்ந்துவிடும்.

எலி இனத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். சி57பிஎல்/6, பால்ப்/சி ஆகிய இரு இனங்களிலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளைத் தடுக்கும் என்ராம்ப்1 மரபணு பழுது. வீரியமுள்ள சால்மொனெல்லா டைஃபிமூரியத்தை நரம்பில் ஏற்றினால் விரல்விட்டு எண்ணும் செல்களே அவற்றைக் கொன்றுவிடும். எல்டி50 இதற்குமேல் எங்கே இறங்கும்? அந்த மரபணு சரியாக உள்ள 129 அல்லது சிபிஏ இனத்தை எடுங்கள். சி3எச்/எச்இஜே வேண்டாம், அதில் பாக்டீரியாவை உணரும் டிஎல்ஆர்4 மரபணு பழுது.

நாளும் முக்கியம். வெள்ளணுக்களில் லிம்ஃபோசைட்டுகள் ஓரிரு நாளில் சரிந்துவிடும், நியூட்ரோஃபில்கள் அடிமட்டத்தைத் தொடப் பல நாள் ஆகும். கிருமியை விழுங்கும் திசு மேக்ரோஃபேஜ்கள் ஓரளவு தாங்கும். கதிர்வீச்சுக்கு மறுநாள் ஆன்டிஜென் (எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பொருள்) கொடுத்தால் முதல்நிலை ஆன்டிபாடி உற்பத்தி படுத்துவிடும். முன்பே தடுப்பூசி போட்ட எலியில் அடி குறைவு.

பெரிய வில்லன் எலியின் சொந்தக் குடல். 7–9 கிரேயில் இரண்டாம் வாரச் சாவுகளில் பல குடல் பாக்டீரியா ரத்தத்தில் ஏறியதால் வருபவை. தண்ணீர் புட்டியில் சூடோமோனாஸ் பாக்டீரியா இருந்தால் சாவு அதற்கும் முன்பே தொடங்கும். முன்கூட்டியே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தண்ணீரை பிஎச் 2.5–3.0க்குக் கொண்டுவாருங்கள், சாதாரண உலோகக் குழாய் அரிக்கும், துருப்பிடிக்காத எஃகு போடுங்கள். கதிர் கொடுத்து ஊசி போடாத குழுவும், அதே பெட்டியில் அடைத்துக் கதிர் பாய்ச்சாத குழுவும் இல்லாமல் எந்தச் சாவையும் கிருமிமேல் போட முடியாது. காலையில் கிடக்கும் பிணத்திலிருந்து வளர்த்தது செல்லாது, செத்தபின் குடல் கிருமி எங்கும் பரவிவிடும்.

கதிர் அளவு மாறியதாகச் சந்தேகம் வந்தால் முதலில் கதிர்வீச்சுக் கருவியின் அளவு அட்டவணை பழையதா என்று பாருங்கள். கருவிக்குள் கதிர் தரும் சீசியம்-137-இன் வீச்சு ஆண்டுக்குச் சுமார் 2.3% குறையும், கோபால்ட்-60 என்றால் மாதத்துக்கே சுமார் 1%.