அந்த ஓராண்டு யாருடையது?

"நான் இந்த வருஷம் உட்கார்ந்தா யாருக்கு நல்லது கோச்? எனக்கா, டீமுக்கா?"

2024 ஜூன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒன்றின் உடற்பயிற்சியாளன் நான். அணிக்குப் புதிதாக வந்த பையன் எடை மேடையிலிருந்து இறங்கிக்கொண்டே கேட்டான். உட்காருவது என்றால் ஓராண்டு ஆட்டம் எதிலும் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்வது. உயரம் 6 அடி 9 அங்குலம், எடை 88.2 கிலோ, வயது 18. "ரெண்டு பேருக்கும்தான்" என்றேன். நல்ல எண்ணத்தோடு சொன்ன பதில். பொய் சொல்லவில்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் அவன் கேட்ட அளவுக்கு நேராக நான் பதில் சொன்னேனா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்போதைய கல்லூரி விளையாட்டு விதி தெரிந்ததுதான். முழுநேர மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு. அதற்குள் நான்கு சீசன் ஆடலாம். ஆடாமல் உட்காரும் அந்த மிஞ்சும் ஓராண்டுதான் ரெட்ஷர்ட். அமெரிக்கக் கால்பந்தில் 2018 முதல் நான்கு ஆட்டம் வரை ஆடிவிட்டும் அந்த ஆண்டை ரெட்ஷர்ட்டாக வைத்துக்கொள்ள முடிந்தது. நாங்கள் முடிவெடுத்தபோது கூடைப்பந்தில் அந்தச் சலுகை கிடையாது. சீசனில் ஒரே ஒரு ஆட்டத்தில், கடைசி ஒரு விநாடிக்குக் களத்தில் இறங்கினாலும் முழு சீசனும் கணக்கில் ஏறிவிடும். ஆகவே இதை அரை மனதோடு செய்ய முடியாது. உட்காருவதாக எடுத்த முடிவை எந்த இரவிலும் உடைக்கலாம். உடைத்ததை ஒட்ட முடியாது. காயத்துக்குக் கிடைக்கும் விலக்கு வேறு கணக்கு: சீசனின் முதல் பாதியில் அடிபட்டிருக்க வேண்டும், 30 சதவீதத்துக்கு மேல் ஆட்டம் ஆடியிருக்கக் கூடாது. நான் பேசுவது உடம்பில் அடி எதுவும் இல்லாத, நன்றாக ஆடத் தெரிந்த பையனைப் பற்றி.

அவனுக்கு ஆட்டம் தெரியும். கை மென்மை, பார்வை தெளிவு, இரண்டு பக்கமும் டிரிபிள் வரும். குறை உடம்பில்தான். 110 கிலோ சென்டர் (வளையத்தருகே ஆடும் பெரிய ஆள்) ஒருவன் முதுகைக் கொடுத்து இரண்டு தடவை தள்ளினால் இவன் வளையத்துக்கு அடியில் போய் நிற்பான். அதைவிட முக்கியமாக, இடது முட்டிச்சிப்பிக்குக் கீழே தசைநாணில் வலி இருந்தது. வேகமாக உயரம் வளர்ந்த பையன்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

சீசன் நடக்கும்போது ஆடுகிறவனுக்கு எடைப்பயிற்சி வாரம் இரண்டு தடவை, தலா 35 நிமிடம். அது இருப்பதைக் காப்பாற்றத்தான் போதும். விமானம், நள்ளிரவில் ஓட்டல், காலையில் வகுப்பு என்று போய், ஒல்லியான முதலாண்டு மாணவன் பிப்ரவரிக்குள் இரண்டு மூன்று கிலோ இழந்துவிடுவான். உட்கார்ந்தவனுக்கு வாரம் நான்கு பயிற்சி வைக்கலாம், ஆட்ட நாள் காலையிலும் வைக்கலாம். வாரத்துக்கு 250 முதல் 400 கிராம் வரை ஏற்றுவது எங்கள் குறி. அதற்கு மேல் போனால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. அதைச் சுமப்பது அந்த முட்டி. ஒரு நாளைக்கு 4,300 கலோரி, புரதம் 170 கிராம், ஐந்து வேளையாகப் பிரித்து. படுக்கப் போகுமுன் பால், ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம் அடித்த ஒரு பெரிய கிளாஸ். அதுவே 750 கலோரி.

இது எங்கே உடையும் தெரியுமா? சனி ஞாயிறில். வெள்ளிக்கிழமை 91.4 காட்டிய எடை மேடை திங்கட்கிழமை 90.3 காட்டும். அணி வெளியூர் போயிருக்கும், விடுதிச் சாப்பாட்டுக் கூடம் சீக்கிரம் மூடிவிடும், பையன் மதியம் வரை தூங்கி எழுந்து ஒரு பாக்கெட் சிப்ஸோடு பொழுதை ஓட்டியிருப்பான். அக்டோபர் முழுக்க இந்த ஓட்டை எங்கள் கண்ணில் படவில்லை. பிறகு வெள்ளி மாலை ஒரு பையில் இரண்டு நாளுக்கான சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தோம். திங்கட்கிழமை இறக்கம் நின்றது.

முட்டிக்கு மருந்து பொறுமை. லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் முட்டியை 60 டிகிரியில் வைத்து 45 விநாடி அசையாமல் பிடிக்க வேண்டும். ஐந்து தடவை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. வலி அடங்கிய பிறகு மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும் ஸ்க்வாட். அதன் பிறகுதான் குதிப்பு, அதுவும் எண்ணி. ஒரு நாள் வலி இல்லையென்றதும் அடுத்த நாள் இரட்டிப்பாகக் குதிப்பார்கள், மூன்றாம் நாள் பழையபடி நொண்டுவார்கள். ஆட்ட நெருக்கடியில் இந்தப் பொறுமை யாருக்கும் வாய்க்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே அவன் உட்கார்ந்தது சரி என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மார்ச் மாதம் அந்த முட்டியில் வலி இல்லை. எடை 96.8.

அப்படியானால் உறுத்தல் எதற்கு? உடம்புக்குக் கிடைத்ததை மட்டும் எழுதிவிட்டு ஆட்டத்தில் இழந்ததை எழுதாமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

ரெட்ஷர்ட்டில் இருப்பவனுக்குப் பயிற்சியில் கிடைக்கும் வேலை ஸ்கவுட் டீம். அடுத்து மோதப்போகும் எதிரணியின் நட்சத்திரம் போல நடித்து, நம் அணிக்குத் தடுக்கப் பழக்குவது. டிசம்பரிலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை அவன் வேறொருவனாக மாறினான். ஒரு நாள் வளையத்துக்குத் தூரத்தில் ஸ்க்ரீன் (தடுப்பவனை வழியில் நின்று மறிப்பது) போட்டுவிட்டு வெளியே வந்து எறிபவன், இன்னொரு நாள் வளையத்துக்கு அடியிலேயே நிற்பவன். அதைப் பிரமாதமாகச் செய்தான். பிப்ரவரியில் ஒரு நாள் எங்கள் முதல் ஐவரோடு அவனை நிறுத்தி எங்கள் சொந்த பிளே (முன்பே திட்டமிட்ட ஆட்ட நகர்வு) ஒன்றைக் கூப்பிட்டபோது, தவறான மூலைக்கு ஓடினான். முந்தின செவ்வாய் நடித்த எதிரணிப் பையன் போய் நிற்கும் மூலை அது. இருபது அணிகளின் பிளேயை அவனுக்குக் கற்றுக்கொடுத்த நாங்கள், எங்கள் அணியின் பிளேயைக் கற்றுக்கொடுக்கவில்லை. பயிற்சி முடிந்ததும் பன்னிரண்டு நிமிடம், முதல் ஐவரில் மூன்று பேரை நிறுத்தி எங்கள் பிளேயை மட்டும் ஓடவிட்டிருந்தால் போதும். அதைத் தொடங்கியதே அந்த நாளுக்குப் பிறகுதான். நவம்பரிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அவன் பக்கத்தில் எந்தத் தவறும் இல்லை.

ரெட்ஷர்ட்டுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் வில்லனோவா கல்லூரியைத்தான் முதலில் எடுப்பார்கள். நானும் ஜூனில் எடுத்தேன். 2018 ஏப்ரல் 2 அன்று மிச்சிகனை 79-62 என்று வென்று பட்டம் வாங்கிய அணியின் முதல் ஐவரில் நான்கு பேர் ஏதோ ஒரு காரணத்துக்காக ஓராண்டு முழுக்கவோ அதில் பெரும்பகுதியோ ஆடாமல் இருந்தவர்கள். பெஞ்சிலிருந்து வந்து 31 புள்ளி எடுத்த டான்டே டிவின்சென்சோவும் காலில் எலும்பு முறிந்து முதல் ஆண்டின் பெரும்பகுதியை இழந்தவர்தான். ஆனால் அந்த நால்வரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபில் பூத்துக்கு முட்டியில் காயம். எரிக் பாஸ்கல் கல்லூரி மாறி வந்தவர், அன்றைய விதிப்படி உட்கார வேண்டியிருந்தது. ஒமாரி ஸ்பெல்மேனை உட்காரச் சொன்னது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ. நன்றாக ஆடக்கூடிய நிலையில் தானே சம்மதித்து உட்கார்ந்தவர் மிக்கல் பிரிட்ஜஸ் ஒருவர்தான். அவர் பிறகு என்பிஏ டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) பத்தாவதாக எடுக்கப்பட்டார். அந்த ஐவரில் ஒரு நாள்கூட உட்காராமல் முதலாண்டிலிருந்தே ஆடிய ஜேலன் பிரன்சன்தான் அந்த ஆண்டின் தேசியச் சிறந்த வீரர். இந்தக் கடைசி வரியை ஜூனில் நான் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, அப்போது அது எனக்கு வாதத்தின் பகுதியாகத் தோன்றவில்லை.

ஈதன் ஹேப் எனக்குப் பிடித்த உதாரணம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2014-15இல் உட்கார்ந்தார். அந்த ஆண்டின் தேசியச் சிறந்த வீரரான ஃபிராங்க் காமின்ஸ்கியைத் தினமும் பயிற்சியில் தடுத்தார். இரவில் ஆட்டம் இல்லாவிட்டாலும் மதியம் இருந்தது, அதுவும் நாட்டிலேயே மிகக் கடினமான ஆட்டம். அடுத்த ஆண்டு, அவர் கல்லூரி ஆடும் பிக் டென் லீக்கின் சிறந்த முதலாண்டு வீரர்; நான்கு சீசனில் 2,130 புள்ளி. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ட்ரே காஃப்மன்-ரென் 2021-22இல் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் ஸாக் ஈடியும் ட்ரெவியான் வில்லியம்ஸும் இருந்தார்கள். 2024-25இல் அவருடைய சராசரி 20 புள்ளியைத் தாண்டியது. இரண்டு பேருக்கும் முன்னால் பெரிய ஆள் நின்றார், பின்னால் அவர் போய்விட்ட இடம் காத்திருந்தது. எங்கள் பையனுக்கு முன்னால் நின்றவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. இதை எழுதும்போது அவர்களைக் குறைத்துப் பேசுவதுபோல் இருக்கிறது, ஆனாலும் உண்மை.

இன்னொன்றையும் யோசிக்கிறேன். 1972 வரை முதலாண்டு மாணவர்கள் பொதுவாகக் கல்லூரியின் பெரிய (முதன்மை) அணியில் ஆட முடியாது. 1965 நவம்பரில் லூ ஆல்சிண்டர், பின்னாளின் கரீம் அப்துல்-ஜப்பார், யுசிஎல்ஏவின் முதலாண்டு அணியோடு இறங்கி, தேசியப் பட்டம் வாங்கியிருந்த அதே கல்லூரியின் பெரிய அணியை 75-60 என்று வென்றார். ஓராண்டு காத்திருந்த பழைய காலம் என்று அதைக் காட்டுகிறோம். ஆனால் அவர்கள் காத்திருக்கவில்லை. முதலாண்டு அணிக்கென்று தனி ஆட்டங்கள் இருந்தன, பார்வையாளர்கள் இருந்தார்கள், தோல்வி வெற்றி இருந்தது. இன்றைய ரெட்ஷர்ட்டுக்கு ஓராண்டு முழுக்க விசில் ஊதுபவர் எங்கள் உதவிப் பயிற்சியாளர்தான்.

எடையும் தசைநாணும் நாள் ஆக ஆகச் சரியாகும். ஸ்க்ரீனைச் சுற்றி வரும்போது உதவிக்கு யார் வருகிறார் என்று அரை விநாடியில் கண்டுபிடிப்பது ஆட்டத்தில் மட்டுமே வரும். முதல் வகைக் குறை உள்ளவனை உட்காரவைக்கலாம். இரண்டாம் வகைக் குறை உள்ளவனை உட்காரவைத்தால் குறை அப்படியே இருக்கும், வயது மட்டும் ஏறும். இவனிடம் இரண்டும் இருந்தன. எது பெரியது என்று நான் தேர்ந்தெடுத்தது என் தொழிலால் இருக்கலாம். என் கையில் இருப்பது எடை மேடை.

ஜனவரியில் ஒரு வாரம் எங்கள் உயரமான ஆட்கள் இருவரும் விழுந்தார்கள். ஒருவருக்குக் கணுக்கால், ஒருவருக்குக் காய்ச்சல். ஆட்டத்துக்கு முன் தலைமைப் பயிற்சியாளர் கேட்டார்: "அவன் ரெடியா?"

"உடம்பு ரெடி சார். ஆனா ஜூன்ல நாம சொன்னது வேற."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. 13 ஆட்டம் மிச்சம் இருந்தது. பதின்மூன்றுக்காக ஒரு முழு சீசனைக் கொடுப்பது நஷ்டம். கணக்கு என் பக்கம் இருந்தது. பையன் டிராக் சூட்டில் பெஞ்சின் கடைசி நாற்காலியில், முட்டிமேல் முழங்கை ஊன்றி உட்கார்ந்திருந்தான். ரீபவுண்டில் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதில்) மோசமாகப் பின்தங்கித் தோற்றோம். அவனுக்கு அன்று ஆட ஆசை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஓராண்டு அவனுடையது என்றால் அவனை யார் கேட்டார்கள்? நான் கேட்கவில்லை. பதினெட்டு வயதுப் பையனின் ஒரு ராத்திரி ஆசைக்கு ஜூன் மாத முடிவை உடைக்கக் கூடாது என்பது என் நியாயம். அந்த நியாயத்தில் இன்னும் பாதி நிற்கிறேன்.

ஏப்ரலில் அவன் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) பெயர் கொடுத்தான். அதில் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை. 2021க்கு முன்னால் கூடைப்பந்தில் கல்லூரி மாறினால் இன்னோர் ஆண்டு உட்கார வேண்டும். ஆகவே ஒருவனை வளர்க்கும் ஆண்டு வளர்த்த கல்லூரிக்கே திரும்பி வரும். 2021 ஏப்ரலில் ஒருமுறை தடையில்லாமல் மாறலாம் என்றானது. ஜூலை 1 முதல் தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2024 ஏப்ரலில், படிப்பில் சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம் என்றானது. நான் அந்தப் பதிலைச் சொன்னது அதற்கு இரண்டு மாதம் கழித்து. "ரெண்டு பேருக்கும்" என்பதில் அணியின் பங்கு அப்போதே போய்விட்டது. பழைய விதியின் காலத்துப் பதிலைப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

அவன் பங்காவது முழுசாக இருந்ததா? போர்ட்டலில் ஒருவனை எடுக்கும் கல்லூரி முதலில் கேட்பது ஆட்ட வீடியோ. அவனிடம் கல்லூரி ஆட்ட வீடியோ ஒரு நிமிடம்கூட இல்லை. 96.8 கிலோ, வலியில்லாத முட்டி, நான்கு சீசன் மிச்சம், பார்க்க ஒன்றுமில்லை. எங்களைவிடச் சின்ன அணி ஒன்றுக்குப் போனான். அங்கே ஆடுகிறான்.

அவனுடைய பயிற்சிப் பதிவேட்டை அச்செடுத்துக் கொடுத்தனுப்பினேன், 46 பக்கம். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. 88.2இலிருந்து 96.8, ஏறியது 8.6 கிலோ. அவன் நவம்பரிலிருந்து ஒரு ஆட்டத்துக்கு எட்டுப் பத்து நிமிடம் ஆடியிருந்தாலும், வெள்ளிக்கிழமைப் பையும் இரவுப் பாலும் ஒழுங்காக இருந்திருந்தால், இதில் எத்தனை கிலோ ஏறியிருக்கும் என்று அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறேன். ஒரு நாள் மூன்று என்று வருகிறது. இன்னொரு நாள் ஐந்து.