போரிக் அமில டைட்ரேஷன்: இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்

தருமபுரியில் பி.ஃபார்ம் முதலாம் ஆண்டு படித்தபோது, மாடல் பிராக்டிகலில் எனக்குப் போரிக் அமில டைட்ரேஷன் வந்தது; அதாவது, வலிமை தெரிந்த காரத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு அமிலத்தின் அளவைக் கண்டுபிடிப்பது. ப்யூரெட்டில் (அளவுக்கோடு போட்ட குழாய்) 0.1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு, குடுவையில் 0.2 கிராம் சாம்பிள், கொஞ்சம் மானிட்டால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்), காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி பினாப்தலீன் இரண்டு சொட்டு. சுமார் 27 மி.லி.யில் இளஞ்சிவப்பு தெரிந்ததும் குறித்துக்கொண்டேன். அடுத்த முறை 29. மூன்றாவது இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. கணக்குப்படி 32.3 மி.லி. பக்கம் வந்திருக்க வேண்டும்.

தவறு மானிட்டால் அளவில்தான். போரிக் அமிலம் மிக வலுக்குறைந்தது, அதன் பிகேஏ 9.24 (இந்த எண் கூடக்கூட அமிலம் வலுக்குறைந்தது). தனியாக டைட்ரேட் செய்தால் நிறம் முன்னதாகவே மெல்ல மெல்ல ஏறும், எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. மானிட்டாலில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் போரானைப் பிடித்துக்கொள்கின்றன. இப்படிச் சேர்ந்து உண்டாகும் அணைவு ஓரளவு வலுவான அமிலம்போல நடந்துகொள்வதால் முடிவுநிலை, அதாவது நிறுத்த வேண்டிய இடம், பளிச்சென்று கிடைக்கும். 10 மி.லி. கரைசலுக்கு அரை முதல் ஒரு கிராம் வரை தாராளமாகப் போடுங்கள்.

இளஞ்சிவப்பு வந்ததும் இன்னும் கொஞ்சம் மானிட்டால் போட்டுக் கலக்குங்கள். நிறம் போய்விட்டால் வேலை முடியவில்லை, தொடர்ந்து காரத்தை விடுங்கள். நிறம் நின்றால்தான் அது உங்கள் ரீடிங். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு என் ரீடிங்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தன.

தண்ணீரும் முக்கியம். நம்மூர் போர் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று சொல்லவே வேண்டாம், கண்ணாடிக் கருவிகளின் கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்தான் இருக்க வேண்டும். அந்த நீரையும் முன்பே கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு காரத்தைத் தின்றுவிடும். ஆனால் போரிக் அமிலம் போட்ட பிறகு கொதிக்கவிடாதீர்கள், அது நீராவியோடு போய்விடும். முடிவுநிலை நெருங்கும்போது குடுவைச் சுவரை நிறைய நீர் விட்டுக் கழுவவும் கூடாது. கரைசல் நீர்த்தால் அணைவு பிரியும்.

மானிட்டால் இல்லாவிட்டால் சார்பிட்டால் போதும். கிளிசரால் கொடுத்தால் அளவு அதிகம் வேண்டும், அதை முன்கூட்டியே பினாப்தலீன் வைத்து நடுநிலையாக்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் சர்க்கரை சரிப்படாது.

கணக்கு எளிது: 0.1 நார்மல் காரம் 1 மி.லி.க்கு 6.183 மி.கி. போரிக் அமிலம்.

அப்புறம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. மூன்று ஹைட்ரஜன் இருந்தும் ஏன் ஒற்றைக் காரத்துவ அமிலம் (ஒரே ஒரு புரோட்டான் கணக்கு) என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னைக் கேட்டார். போரிக் அமிலம் தன் ஹைட்ரஜனைத் தருவதில்லை, எலக்ட்ரான் குறைவான போரான் நீரிலிருந்து ஒரு ஹைட்ராக்சைடை வாங்கிக்கொள்கிறது, மிஞ்சும் புரோட்டான்தான் அமிலத்தன்மை என்றேன். கேரம் போர்டில் தூவும் பவுடரும் இதுதானே என்று சிரித்தார், ஆமாம் சார் என்றேன்.