சாலை பற்றிய ஒரு கேள்வி நாடாளுமன்றம் சென்ற விதம்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் முன்னால் செல்லும் சாலையைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த ஒரு முறையீடு, பல மாதங்கள் கழித்து நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்து, அமைச்சின் சார்பில் வாய்மொழிப் பதிலும் பெற்றது. இதைக் கேள்விப்பட்ட நண்பர்கள் சிலர், அது எப்படி நடந்தது, வேறு யாரும் அதைச் செய்ய முடியுமா என்று விசாரித்துவருவதால், நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன். பொதுவாக, அமைச்சர்கள் தரும் பதில்களைச் செய்தியில் படிக்கிறோமே தவிர, கேள்வி எந்த வழியாக அங்குப் போய்ச் சேர்கிறது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

சாலையின் நிலையை முதலில் சொல்ல வேண்டும். குடிநீர்க் குழாய் மாற்றுவதற்காக ஒரு முறை தோண்டினார்கள். மூடிய தார் காய்ந்து சில வாரங்களில் மின்கம்பிக்காகத் தோண்டினார்கள். அதற்குப் பிறகு தொலைத்தொடர்புக் கம்பிக்கும், கடைசியாகச் சைக்கிள் பாதை அமைக்கும் பணிக்காக நடைபாதை ஓரத்திலும் வேலை நடந்தது. ஒவ்வொரு குத்தகையாளரும் தாம் தோண்டிய இடத்தை மட்டும் மூடிச் சென்றதால், சாலை முழுவதும் வெவ்வேறு கறுப்பு நிறங்களில் ஒட்டுப்போட்ட துணியைப்போல் ஆகிவிட்டது. பள்ளங்களின்மேல் போடப்பட்ட இரும்புத் தகடுகளில் பேருந்து ஏறும்போது, முன்சக்கரத்துக்கு ஒரு முறையும் பின்சக்கரத்துக்கு ஒரு முறையும் தகடு எழும்பி விழும் சத்தம் நான்காம் மாடிவரை கேட்கும். கடைசிப் பேருந்து போகும்வரை என் மாமியாருக்குத் தூக்கம் இல்லை. பேருந்து நிறுத்தத்தையும் தற்காலிகமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். கைத்தடி ஊன்றி நடப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் தொலைவு பெரிய தொல்லை.

முதலில் ஒன்சர்விஸ் செயலியில் புகார் அளித்தேன். குழி, உடைந்த ஓடு, தேங்கிய நீர் ஆகியவற்றுக்கு அதைவிட எளிய வழி இல்லை. படம் எடுத்து இடத்தைக் குறித்தால், உரிய அமைப்புக்கு அது தானாகவே போய்ச் சேரும். ஆனால், எனது கேள்வி ஒரு குழியைப் பற்றியது அன்று. ஒரே சாலையை ஏன் ஒவ்வொருவராக வந்து தோண்டுகிறார்கள் என்பதுதான் அது. எனக்கு வந்த பதில்கள் எல்லாம் மரியாதையாகவும் உண்மையாகவும் இருந்தன. தங்கள் பணிக்கு ஒப்புதல் உண்டு, இந்தத் தேதிக்குள் முடியும், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒவ்வோர் அமைப்பும் தன் பணியைப் பற்றி மட்டும் எழுதியது. அடுத்தவர் பணியைப் பற்றி எழுத எவருக்கும் அதிகாரம் இல்லை என்பதை அவற்றைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன்.

அதனால், எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் சென்றேன். புளோக்கின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசை எண்ணுடன் காத்திருந்தோரில் பெரும்பாலோர் வீடு, வேலை, நிதியுதவி தொடர்பாக வந்தவர்கள். அவர்களிடையே சாலையைப் பற்றிப் பேச உட்கார்ந்திருப்பது சற்றுக் கூச்சமாகவே இருந்தது. என் விவரங்களைக் குறித்துக்கொண்ட இளம் தொண்டூழியர் தமிழ்ப்பெண். நான் கொண்டுபோன தேதிக் குறிப்புகளையும் படங்களையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “அங்கிள், உங்களுக்கு இந்தச் சாலை சரியாக வேண்டுமா, இல்லை இப்படி நடப்பதற்கே காரணம் தெரிய வேண்டுமா? முதலாவது என்றால் இப்போதே கடிதம் எழுதிவிடலாம்.” இரண்டும் வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு, இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொண்டார். அந்த ஒரு கேள்வியில்தான் என் முறையீடு இரண்டாகப் பிரிந்தது.

கடிதத்துக்குப் பலன் விரைவிலேயே தெரிந்தது. தகடுகளுக்கு அடியில் ரப்பர் விரிப்பு வைத்து அவை அசையாமல் பொருத்தப்பட்டன. இரண்டாவதற்குத்தான் காலம் பிடித்தது. உறுப்பினர் ஒருவர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள் வரை அளிக்கலாம். அவற்றில் மூன்றுக்கு மேல் வாய்மொழிப் பதில் கோர முடியாது. பல நாள் முன்னதாகவே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தொகுதியில் ஆயிரம் விவகாரங்கள் இருக்க, அந்த மூன்றில் ஒன்றைச் சாலைக்கு ஒதுக்குவது சாதாரணம் அன்று. எங்கள் உறுப்பினர் ஒதுக்கினார்.

கேள்வியின் வாசகத்தைப் பார்த்தபோது எங்கள் சாலையின் பெயரே அதில் இல்லை. பொதுச் சாலைகளில் வெவ்வேறு அமைப்புகள் மேற்கொள்ளும் தோண்டும் பணிகள் எவ்வாறு ஒருங்கிணைக்கப்படுகின்றன, தற்காலிகமாக மூடப்பட்ட இடங்கள் எப்போது நிரந்தரமாகச் சீரமைக்கப்படுகின்றன, பணிகளின் கால அட்டவணை அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படுகிறதா என்று அ, ஆ, இ எனப் பிரித்துக் கேட்கப்பட்டிருந்தது. முதல் கணத்தில் எனக்கு ஏமாற்றமே. பிறகு யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. சாலையின் பெயரைப் போட்டுக் கேட்டால், அந்தச் சாலையின் பணி எப்போது முடியும் என்ற ஒரு தேதியோடு பதில் முடிந்துவிடும். பெயர் இல்லாத கேள்விக்கு, முறைமை எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அது சாலைகளைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த காலமும்கூட. 2025 ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங் சாலை சவுத்தில் திடீரென நிலம் உள்வாங்கி ஒரு கார் விழுந்ததையும், பக்கத்து வேலைத்தளத்தின் தமிழ் மேற்பார்வையாளரும் உடன் வேலை பார்த்தவர்களும் கயிறு வீசி ஓட்டுநரை மேலே இழுத்ததையும் மறந்தவர் இல்லை. அந்த நிகழ்வு வேறு வகையானது. எங்கள் சாலையோடு அதை ஒப்பிடுவது நியாயமாகாது. ஆயினும், காலுக்கடியில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி அதன்பிறகு எல்லாருக்கும் வந்துவிட்டது.

அமர்வு நாளில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கே சென்று பார்வையாளர் மாடத்தில் அமர்ந்தேன். நேரலையாகவும் பார்க்கலாம் என்றாலும் நேரில் காண விரும்பினேன். அடையாள அட்டையைக் காட்டி, சோதனை முடிந்து, கைப்பேசியையும் பையையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம்தான். எங்கள் கேள்வி பட்டியலில் கீழே இருந்தது; மேலே இருந்தவற்றுக்கே, பதிலைத் தொடர்ந்து கேட்கப்படும் துணைக் கேள்விகள் நீண்டுகொண்டிருந்தன. நேரம் முடிந்தது, எங்கள் கேள்வி எட்டப்படவில்லை. அப்படி விடுபட்டவற்றுக்கு எழுத்துவழிப் பதில் வந்துவிடும். உறுப்பினர் விரும்பினால் பின்னர் வரும் அமர்வுக்குத் தள்ளிவைக்கலாம். எழுத்துவழிப் பதிலைப் பெற்றால் துணைக் கேள்வி கேட்க வாய்ப்பில்லை என்பதால் எங்கள் உறுப்பினர் தள்ளிவைத்தார்.

அடுத்த அமர்வில் அவர் முறை வந்தது. முழுக் கேள்வியையும் அவர் வாசிப்பார் என்று காத்திருந்தேன். நாடாளுமன்ற நாயகர் பெயரை அழைத்ததும் எழுந்து கேள்வி எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். அச்சிட்ட பட்டியல் எல்லார் கையிலும் இருப்பதால் அவ்வளவே போதும். பதிலளித்த துணையமைச்சர், பொதுச் சாலையைத் தோண்ட எவராயினும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும், அருகருகே நடக்கும் பணிகளைக் கூடியவரை சேர்த்துச் செய்ய அமைப்புகள் கேட்டுக்கொள்ளப்படுகின்றன என்றும், குழாய் உடைவது போன்ற அவசரப் பணிகளை எந்த அட்டவணையிலும் அடக்க முடியாது என்றும் விளக்கினார். தோண்டி நிரப்பிய மண் அமிழ்ந்து இறுகுவதற்கு முன்பே நிரந்தரத் தார் போட்டால் அது மறுபடியும் தாழ்ந்துவிடும். அதனால்தான் முதலில் தற்காலிகமாக மூடுகிறார்கள் என்ற விளக்கம் எனக்குப் புதிது. ஒட்டுப்போட்ட சாலைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்பதை எந்தப் புகாரின் பதிலும் எனக்குச் சொல்லவில்லை.

துணைக் கேள்விகளில்தான் விஷயம் சூடுபிடித்தது. மரினா பேயில் உள்ளதுபோல் கம்பிகளையும் குழாய்களையும் ஒரே நிலத்தடிச் சுரங்கத்தில் கொண்டுசெல்லும் முறையைப் பழைய பேட்டைகளிலும் செய்யலாமே என்று மற்றோர் உறுப்பினர் கேட்டார். புதிதாக உருவாகும் வட்டாரத்தில் முதலிலேயே திட்டமிட்டு அமைப்பது வேறு, ஏற்கெனவே நிரம்பியிருக்கும் சாலைக்கடியில் அதைத் திணிப்பது வேறு என்பது பதில். ஏற்கத்தக்க பதில்தான். எங்கள் உறுப்பினர் மூன்றாம் பகுதிக்கே திரும்பி, ஒவ்வொரு பணியையும் தனித்தனித் துண்டறிக்கையால் அறிவிப்பதைவிட, ஒரு சாலையில் வரவிருக்கும் எல்லாப் பணிகளையும் ஒரே இடத்தில் குடியிருப்பாளர்கள் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஆராயப்படும் என்றார் துணையமைச்சர். அந்தச் சொல்லின் எடையை அளக்க எனக்குத் தெரியாது. ஆனால், அது அதிகாரபூர்வ அறிக்கையில் பதிவாகியிருக்கிறது, யாரும் தேடி எடுத்து மீண்டும் கேட்கலாம்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் தேதிவாரியாகக் குறிப்பும் படமும் வைத்திருங்கள். கடிதத்தால் தீர்வதைக் கடிதத்துக்கே விட்டுவிடுங்கள். எங்கள் சாலையில் சைக்கிள் பாதைப் பணி இன்னும் முடியவில்லை. அது முடிந்தபின் சாலையின் முழு அகலத்துக்கும் புதிய தார் போடப்படும் என்று எழுத்தில் வந்திருக்கிறது. அடுத்த மக்கள் சந்திப்புக்கு அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு போகிறேன்.