வேலைக்குப் போகிறீர்களா?

இளங்கலைச் சமூகவியல் முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் நடத்தும்போது எப்போதும் இழுபறியாகும் இடம், நம்பகத்தன்மையையும் ஏற்புடைமையையும் பிரித்துக் காட்டுவது. திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே விடை வருவது முன்னது, அளக்க நினைத்ததையே அளப்பது பின்னது என்று தேர்வில் பிசகின்றி எழுதிவிடுவார்கள். ஆனால் முன்னது முழுமையாக இருந்தும் பின்னது அறவே இல்லாமல் போகலாம் என்பது, திருநெல்வேலி வட்டாரத்தின் பீடித் தெருக்களுக்குக் களப்பணிக்குப் போன பிறகே அவர்களுக்குப் பிடிபட்டது.

எங்கள் வினாநிரலில் பெண்களிடம் கேட்பதற்கு, “வேலைக்குப் போகிறீர்களா?” என்று ஒரு கேள்வி இருந்தது. திண்ணையில் அமர்ந்து, மடியில் வைத்த சுளகிலிருந்து தூளை எடுத்து, வெட்டிய இலையில் பரப்பிச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, விரல்களை நிறுத்தாமலே, “இல்ல தம்பி, வீட்லதான் இருக்கேன்” என்றார். மாணவரும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டார். அடுத்த தெருவுக்குப் போனவர்களுக்கும் அதே விடைதான். வேறு குழுவை அனுப்பிக் கேட்டபோதும் அது மாறவில்லை. நம்பகத்தன்மையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் வீட்டிலிருந்து பீடி சுற்றுபவரையும் தொழிலாளராக ஏற்கும் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. சட்டம் தொழிலாளி என்று சொல்லும் ஒருவரை, அவர் வேலை செய்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தபடியே, எங்கள் தாள் வேலையற்றவராக்கியது.

மாணவர்கள் முதலில் அந்த அம்மாவின் பதிலில்தான் பிழை தேடினார்கள் (படித்தவர்களுக்கு இது இயல்பாக வரும் பழக்கம்). அவரோ கேட்டதற்குச் சரியாகவே பதில் சொல்லியிருந்தார். ‘உழைப்பு’ என்ற கருத்தாக்கத்தை ‘வெளியே போவது’ என்று சுருக்கியது நாங்கள் வகுத்த செயல்முறை வரையறை, அதாவது ஒரு கருத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற முடிவு. ஆகவே கேள்வியை மாற்றி, நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்கத் தொடங்கினோம். 1998–99-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களிலும், பின்னர் 2019-இல் நாடு முழுவதிலும் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளின் வழியும் இதுதான். தண்ணீர் பிடித்தது, இலை வெட்டியது, ஆட்டுக்குத் தழை ஒடித்தது, இரவில் மீண்டும் சுளகோடு உட்கார்ந்தது எல்லாம் தாளில் ஏறின.

எந்தெந்த வீடுகளில் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் மாதிரி எடுப்பிலும் இதே கதைதான். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். பகலில் பூட்டிக் கிடப்பவை பெரும்பாலும் வயலுக்கோ கட்டட வேலைக்கோ போனவர்களின் வீடுகள். அவற்றைத் தவிர்த்தால், நாம் தேடிவந்த உழைப்பே மாதிரியிலிருந்து வெளியேறிவிடும். மாலையில் மறுபடி போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஏற்புடைமை கூடிய பிறகு எதிர்பாராத சிக்கல் ஒன்று முளைத்தது. ஒரே பெண்ணின் ஒருநாள் குறிப்பை இரு மாணவர்களிடம் தனித்தனியே கொடுத்தால் இரு வேறு கணக்குகள் வந்தன. பிள்ளைக்குச் சோறு ஊட்டியபடியே இலை வெட்டிய நேரத்தை ஒருவர் தொழிலில் சேர்த்தார், மற்றவர் வீட்டுவேலையில் சேர்த்தார். இப்போது குலைந்தது நம்பகத்தன்மை. ஒரே நேரத்தில் இரு வேலைகள் நடந்தால் எதை எப்படிப் பதிவது என்று விதி எழுத உட்கார்ந்தவர்கள், மாலை வகுப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை.