ஸ்டுடியோ நாட்குறிப்பு: ஆகஸ்ட் 2024

ஆகஸ்ட் 5, திங்கள்

நேற்று ஆடி அமாவாசை. குற்றாலத்துக்கு வந்த கூட்டம் இன்று வடிந்துவிட்டது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு இரண்டு பேர் வந்ததோடு சரி, கடை காலி. அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலையை எடுத்தேன். பழைய சிஸ்டம் போன வாரம் மொத்தமாகப் போய்விட்டது, மதர்போர்டு. உறவுக்காரர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த இன்னொரு சிஸ்டத்தைக் கொடுத்திருக்கிறார். அதில் படம் திருத்தும் மென்பொருளை ஏற்ற வேண்டும்.

ஏற்றுவதற்கு முன்னாலேயே முதல் இடி. வருஷச் சந்தா இன்றோடு புதுப்பிக்க வேண்டியது, கார்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்தேன், எடுக்கவில்லை, கணக்கு நின்றுவிட்டது. சிஸ்டம் அண்ணாச்சியிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து தானியங்கிப் பிடித்தத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. முதலில் 5,000 ரூபாய் வரைதான் ஓடிபி இல்லாமல் போகும் என்று இருந்தது, 2022இல் அதை 15,000 ஆக்கினார்கள். என் வருஷச் சந்தா, பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து, அதற்கு மேல். ஒவ்வொரு தடவையும் நான் ஓடிபி போட்டால்தான் பணம் போகும். விதி நல்லதுதான், நம் பணத்துக்குக் காவல். ஆனால் பணத்தை வாங்குகிறவர்கள் இந்த ஊர் விதியைச் சொல்லி, இந்தத் தேதிக்குள் நீங்களே வந்து கட்டுங்கள் என்று தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ ஒரு வரி எழுதியிருக்கலாம். "உங்கள் பேமெண்ட் தோல்வி" என்று மட்டும் வந்தது.

கட்டினேன். இரவு ஒன்பது மணிக்குத் தரவிறக்கம் ஆரம்பம். சாரல் காற்றில் கேபிள் ஆடி நெட் விட்டு விட்டு வந்தது. 83 சதவீதத்தில் அறுந்து, மறுபடி ஒன்றிலிருந்து.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இறங்கிவிட்டது. ஏறவில்லை. விண்டோஸ் பழசாம். அதைப் புதுப்பிக்க விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

எதற்காக இந்தப் பணத்தைக் கட்டுகிறேன் என்பதை எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் இன்று அதையே மறந்துவிடும் அளவுக்கு எரிச்சல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை நாங்களும் கிராக் தான், காசு கட்டாமல் பூட்டை உடைத்து ஓட்டுகிற கள்ளப் பிரதி. அப்பா காலத்தில் டார்க்ரூம், அதற்கப்புறம் யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தது. இந்தப் பக்கத்தில் பாதிக் கடைகளில் அப்படித்தான் ஓடுகிறது. அந்த கிராக்கோடு வந்த ஒரு வைரஸ் மொத்த ஹார்டு டிஸ்க்கையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. மூன்று கல்யாணம் அதற்குள் மாட்டிக்கொண்டது. இரண்டுக்கு மெமரி கார்டில் படம் இருந்தது. மூன்றாவதற்கு இல்லை. அந்த வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சொன்னது நான்தான், அப்பாவை அனுப்பவில்லை. பெண்ணின் அம்மா திட்டவே இல்லை, "சரி தாயி, விடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் காசு கொடுத்து வாங்கியதுதான்.

அப்படி வாங்கியவளிடம் இன்று அந்த மென்பொருள் சொல்கிறது, "நீங்கள் ஏற்கெனவே இரண்டு கணினிகளில் பயன்படுத்துகிறீர்கள்". ஒன்று வீட்டு லேப்டாப். இன்னொன்று போன வாரம் செத்துப்போன சிஸ்டம். செத்ததில் போய் நான் எப்படி வெளியேறுவது? வாடிக்கையாளர் சேவையில் எழுதிப் பேச நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். முதலில் வந்தது ஆளா எந்திரமா என்றே தெரியவில்லை, பழைய கணினியில் உள்நுழைந்து வெளியேறுங்கள் என்று மூன்று தடவை சொன்னது. கடைசியில் ஒரு மனிதர் வந்தார். நல்லவர். கணக்குப் பக்கத்தில் போய் அங்கிருந்தே பழைய கருவியை நீக்கலாம் என்று இரண்டு வரியில் காட்டிக்கொடுத்தார். இதை முதலிலேயே அந்த எச்சரிக்கைப் பெட்டியில் எழுதியிருந்தால் எனக்கு ஒரு காலைப்பொழுது மிஞ்சியிருக்கும். கிராக் வைத்திருக்கிற பக்கத்துக் கடைத் தம்பியிடம் எந்தப் பெட்டியும் எதையும் கேட்பதில்லை. இது நியாயமா என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சாயங்காலம் கேரளத்துப் பக்கம் ஆரியங்காவிலிருந்து போன். பெண் வீட்டுச் சேச்சி. "மோளே, ஆல்பம் எந்தாயி?" ஆல்பம் என்னாச்சு என்று கேட்கிறார். மாப்பிள்ளை செங்கோட்டை, 24ஆம் தேதி துபாய்க்குத் திரும்புகிறார். கையில் ஆல்பம் கொடுத்து அனுப்ப வேண்டும். கல்யாணம் ஆனியில் முடிந்தது, 2,300 படம்.

ஆகஸ்ட் 10, சனி

திறந்தது! மதியம் வரை நன்றாகத்தான் போனது. முகூர்த்தப் படங்களில் மஞ்சள் ஏறியிருந்ததை எடுத்தேன், மண்டபத்து எல்இடி விளக்கு பெண்ணின் கன்னத்தில் அடித்த ஊதாவையும் எடுத்தேன். நல்ல கருவி, அதில் சந்தேகமே இல்லை. தோலின் நிறத்தை அது கையாளுகிற விதத்துக்கு ஈடு இல்லை, அதனால்தானே இத்தனை பாடு.

அப்புறம் ஷீட், அதாவது ஆல்பத்தின் பக்கங்களைப் போட ஆரம்பித்ததும் நின்றது. தற்காலிக டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லிச் சேமிக்கவும் விடவில்லை. ஒரு மணி நேர வேலை போச்சு.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஷீட், 300 டிபிஐ, ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி. அதாவது 3,600 பெருக்கல் 10,800 பிக்சல், கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று பைட். முழு அளவு லேயர், அதாவது அடுக்கு, ஒன்றே சுமார் 117 எம்பி. நான் 16 பிட்டில் வைத்திருந்தேன், அது இரண்டு மடங்கு. பின்னணி, மேலே ஒரு நிறப் பூச்சு, நிழல் என்று ஐந்தாறு அடுக்கினாலே ஒரு ஜிபி தாண்டிவிடும், அதற்கு மேல் பின்னால் திரும்பிப் போவதற்காக ஒவ்வொரு படியையும் அது தனியாகச் சேர்த்து வைக்கிறது. இந்த சிஸ்டத்தில் ராம் 8 ஜிபி. மீதியெல்லாம் சி டிரைவில் போய் விழுகிறது, அங்கே மிச்சம் இருந்ததே 9 ஜிபிதான்.

சரி, 8 பிட்டுக்கு மாற்றினேன் (அச்சடிக்கிற லேப்புக்குப் போவது எப்படியும் ஜேபெக்தான், அதில் 8 பிட்தான்). திரும்பிப் போகும் படிகளை 50இலிருந்து 20 ஆக்கினேன். வேறொரு எஸ்எஸ்டியைப் போட்டுத் தற்காலிக வேலையை அங்கே திருப்பிவிட்டேன். இப்போது மூச்சுவிடுகிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். இதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது.

முதல் ஷீட்டில் பெண் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ஊர்ப் பெயர்கள். "செங்கோட்டை" என்று அடித்தேன். திரையில் "ச" தனியாக, அதற்கப்புறம் கொம்பு, அதற்கப்புறம் "ங்". கொம்பு போய் ங-வின் முன்னால் நின்றுகொண்டது. படித்தால் "சஙெ" என்று வருகிறது. கோ-வும் அதே கதி, கொம்பும் காலும் க-வை விட்டு நகர்ந்து ஒன்றாக நின்றன. மண்டபம் இருக்கிற தென்காசியை அடித்தால் "தனெகாசி" மாதிரி ஒன்று, மேலே புள்ளி எங்கேயோ மிதக்கிறது. எழுத்துருவை மாற்றினேன், ஏழு எழுத்துரு, ஏழிலும் அதே.

என் போன் ஏழாயிரம் ரூபாய். அதில் வாட்ஸ்அப்பில் எங்கள் ஆச்சி "தென்காசி" என்று அனுப்பினால் சரியாக வருகிறது. இத்தனை ஆயிரம் வாங்குகிற மென்பொருளில் வராதா?

காரணம் இதுதான். போன், கணினி எல்லாவற்றுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் "தெ" என்றால் முதலில் த, அடுத்தது கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது, உச்சரிக்கிற வரிசையில். திரையில் காட்டும்போது கொம்பை எழுத்துக்கு முன்னால் இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலையை இது செய்யாமல் விட்டிருக்கிறது. பிறகு ஏன் இந்தத் தொழிலில் யாரும் கத்தவில்லை என்று யோசித்தேன், அதுவும் புரிந்தது. எல்லோரும் இன்னும் பாமினி என்கிற பழைய எழுத்துருவிலேயே அடிக்கிறார்கள். அது யூனிகோடு இல்லை, கொம்பைத் தனிச் சாவியில் முதலில் தட்டிவிட்டு அப்புறம் எழுத்தைத் தட்டுவது, ஆகவே எந்த மென்பொருளிலும் உடையாது. வாட்ஸ்அப்பில் கல்யாண வீட்டார் சரியாக அடித்து அனுப்பிய பெயரை எடுத்து ஒட்ட முடியாமல், டிசைனர் பார்த்துப் பார்த்து மறுபடி அடிக்கிறார். பெயரில் ஒரு எழுத்து மாறிப் போவதெல்லாம் அங்கேதான். நாம் இப்படி வளைந்து கொடுத்தே பழகிவிட்டதால் மென்பொருள்காரர்களுக்கும் இது ஒரு குறையாகத் தெரியாமல் போகிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மின்தடை, காலை ஒன்பது முதல் நான்கு வரை. தாத்தாவோடு மோர் குடித்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கிடைத்துவிட்டது. அமைப்புகளுக்குள்ளே, எழுத்து என்கிற பகுதியில், தெற்காசிய மொழிகளுக்கான வசதி என்று ஒன்று இருக்கிறது. டிக் போட்டு, மென்பொருளை மூடித் திறந்து, பத்தி அமைப்பிலும் போய் ஒன்றை மாற்ற வேண்டும். செங்கோட்டை செங்கோட்டையாக வந்தது. கையைத் தட்டிவிட்டேன், வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த பையன் எட்டிப் பார்த்தான்.

ஆக வழி இருந்திருக்கிறது. உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர் தமிழை ஒட்டியதுமே அது தானாகத் திறந்துகொள்ள வேண்டாமா? நம் எழுத்து என்ன விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளும் சாமானா? எனக்கு இதில் சமாதானம் இல்லை.

பழைய லேயர்கள் உடைந்தபடியே இருந்தன, ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மலையாளத்துக்கு வந்ததும் மறுபடி தகராறு. பெண்ணின் அம்மம்மாவுக்கு மலையாளம் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், கடைசி ஷீட் அவருக்காக. ஆரியங்காவு என்று மலையாளத்தில் போட்டால், சேர்ந்து ஒரே உருவாக வர வேண்டிய ங்கா, இரண்டு எழுத்தாகப் பிரிந்து நடுவில் சந்திரக்கலையோடு, நம் புள்ளி மாதிரியான குறியோடு, நின்றது. அமைப்பு சரியா, எழுத்துரு சரியா என்று மாற்றி மாற்றிப் பார்த்து இரவு பத்து மணி.

கடைசியில் ஜிம்ப் என்கிற இன்னொரு படம் திருத்தும் மென்பொருளை இறக்கினேன். 1995இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் ஆரம்பித்தது, இன்றைக்கும் இலவசம். அதில் ஒட்டினேன், எந்த அமைப்பையும் தொடவில்லை, தமிழும் சரி மலையாளமும் சரி ஒட்டிய உடனே நேராக நின்றன. இலவசமாகக் கொடுக்கிறவர்களுக்கு இந்த அக்கறை இருக்கிறது. வரியை மட்டும் அதில் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து ஷீட்டில் வைத்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்தது. கேரளத்தில் சிங்ஙம் மாதம் ஒன்றாம் தேதி, மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1200 பிறக்கிறது என்று சேச்சியே போனில் சொன்னார்.

மலையாள வரியைத் தாத்தாவிடம் காட்டினேன். புனலூர் பேப்பர் மில்லில் வேலை பார்த்தவர், செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே பிறந்தவர், 1956இல்தான் நாம் இந்தப் பக்கம் வந்தோம் என்பதை இன்னும் ஏதோ நேற்று நடந்தது போலச் சொல்வார். கண்ணாடியைத் துணியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். எழுத்துப் பிழை இல்லை என்றார். ஆனால் உகரக் குறி தள்ளி நிற்கிறது, எங்கள் காலத்தில் எழுத்தோடு ஒட்டிக் கொக்கி போல வரும், அந்தப் பாட்டி அப்படித்தான் படித்திருப்பாள் என்றார்.

1971இல் கேரள அரசு தட்டச்சுக்காக எழுத்தைச் சீர்திருத்தியபோது பிரித்தது அது. பாட்டிக்கு எண்பது. பழைய வடிவத்தில் வரும் ரச்சனா எழுத்துருவை இறக்கி மாற்றினேன். தாத்தா பார்த்தார், "ம்ம், இது" என்றார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

30 ஷீட்டும் லேப்புக்குப் போனது. நடுவில் ஒரு தடவை மென்பொருள் தானாக மூடிக்கொண்டது, தானாகச் சேமித்து வைத்திருந்ததால் பிழைத்தேன். அது நன்றாக வேலை செய்த இடத்தையும் எழுத வேண்டுமே.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஆல்பம் வந்தது. தோலின் நிறம் திரையில் பார்த்தபடியே. சேச்சியும் பாட்டியும் கொல்லத்திலிருந்து வருகிற பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழியில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று. பாட்டி படங்களைச் சீக்கிரமாகவே புரட்டினார். கடைசி ஷீட்டில் நிறுத்தி, வாய்க்குள்ளேயே எழுத்துக் கூட்டி வாசித்தார், பிறகு சேச்சியிடம் ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்டினார்.

அவர்கள் போனதும் மென்பொருள்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். "தென்காசி" உடைந்து தெரிந்த படம், சரியாகத் தெரிந்த படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழையும் மலையாளத்தையும் தானாகவே சரியாகக் காட்டுங்கள் என்று. பக்கத்துக் கடைத் தம்பியிடமும் எழுதச் சொல்லியிருக்கிறேன், முதலில் அவன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன். ஜிம்ப்பை அவன் சிஸ்டத்தில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை.