சர்வருக்குப் போகும் வழியை எழுதி வைத்தல்

இணையதளம் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். கட்டிய தளத்தை எங்கோ இருக்கும் சர்வரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சென்னை பெருங்குடியில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனத்தில் துணிக்கடைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் போன்றவற்றின் தளங்களை உருவாக்கிப் பராமரிக்கிறோம். அலுவலகப் பேச்சில் 'லைவ்ல போடுறது' என்று சொல்லும் அந்தக் கடைசிக் கட்டம் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர் கையில் இருந்தது. அதை ஸ்கிரிப்டாக, அதாவது கணினி தானே வரிசையாக இயக்கும் கட்டளைகளின் கோப்பாக, மாற்றியபோது நேரம் மிச்சமானது உண்மைதான். ஆனால், ஒருவருடைய நினைவில் மட்டும் இருந்த அறிவு எல்லோரும் படித்துக் கேள்வி கேட்கக்கூடிய எழுத்தாக மாறியதை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

பழைய முறை இப்படி இருந்தது. கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் ஃபைல்சில்லா என்ற மென்பொருளின் திரையில் இடப்பக்கம் நம் கணினியின் கோப்புகள், வலப்பக்கம் சர்வரின் கோப்புகள். மாற்றிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து இடமிருந்து வலத்துக்கு இழுத்து விட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கோப்பின்மேல் எழுதலாமா என்று மென்பொருள் கேட்கும்போது எதற்குச் சம்மதிப்பது, எதற்கு மறுப்பது என்பது எங்கள் குழுவின் மூத்தவருக்குத்தான் தெரியும். தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பைத் தொடக்கூடாது. தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் கோப்புகள் போய்ச் சேர்ந்த பிறகே பக்கங்களின் அச்சான டெம்ப்ளேட்டுகளை ஏற்ற வேண்டும். ஒரு மருத்துவமனையின் சர்வரில் 'நியூ' என்று பெயர் முடியும் ஃபோல்டர் பழையது, பெயரில் எதுவும் சேராத ஃபோல்டரே இன்று ஓடிக்கொண்டிருப்பது. இவற்றில் எதையும் அவர் மறைத்து வைக்கவில்லை. எழுதித் தாருங்கள் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். கோயில் கொடைக்கு அவர் திருநெல்வேலிக்குப் போய்விட்டால், அவசரமான திருத்தம்கூட அவர் திரும்பி வரும்வரை காத்திருக்கும். அல்லது ரயிலில் இருக்கும் அவரைத் தொலைபேசியில் பிடித்து, சிக்னல் விட்டுவிட்டு வரும் நேரத்தில், எதை ஏற்றலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கோப்புகளைக் கொண்டுசெல்ல அன்று நாங்கள் பயன்படுத்திய எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறை மிகவும் பழைய ஏற்பாடு. அதன் முதல் வரையறையை 1971-இல் எழுதியவர், கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போன அபய் பூஷண். ஒருவரையொருவர் அறிந்த சில ஆய்வு நிறுவனங்கள் மட்டும் இணைந்திருந்த வலைப்பின்னலுக்காக எழுதப்பட்டது என்பதால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே செல்கின்றன. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகு, அங்கிருந்த டாட்டு இலோனன் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான வழியை உருவாக்கினார். எனவே, தானியக்கத்தை நோக்கிய எங்கள் முதல் அடி ஸ்கிரிப்ட் எழுதுவதாக இருக்கவில்லை. குழு அரட்டையில் எல்லோரிடமும் உலவிய கடவுச்சொல்லை ஒழித்துவிட்டு, ஆளுக்கொரு எஸ்எஸ்ஹெச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக அடையாளம் காட்டும் கோப்பு) கொடுத்தோம். யாராவது வேலையை விட்டுப் போனால், சர்வரில் அவருடைய சாவிக்குரிய ஒரு வரியை நீக்கினால் போதும். மற்றவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஸ்கிரிப்டுக்கும் தனிச் சாவி உண்டு. அந்தச் சாவியைக் கொண்டு வருபவர் குறிப்பிட்ட ஒரு கட்டளையைத் தவிர வேறு எதையும் இயக்க முடியாதபடி சர்வரிலேயே கட்டுப்படுத்த முடியும். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேள்வி தானியக்கத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்தச் சோதனையையே அணைத்துவிடும் ஸ்கிரிப்டுகளை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. அடையாளத்தை ஒருமுறை நேரில் உறுதிசெய்து ஸ்கிரிப்டோடு சேர்த்து வைத்துவிட்டால் கேள்வியும் எழாது, பாதுகாப்பும் குறையாது.

கோப்புகளை அனுப்ப ஆர்சிங்கைத் தேர்ந்தெடுத்தோம். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகிய இருவரும் 1996-இல் வெளியிட்ட இந்தக் கருவி, இரு முனைகளிலும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டு, மாறிய பகுதிகளை மட்டுமே கம்பிவழி அனுப்புகிறது. பதிவேற்ற வேகம் குறைந்த இணைப்பில் இது பெரிய உதவி. நம் பக்கம் நீக்கிய கோப்புகளை அந்தப் பக்கமும் நீக்கச் சொல்லும் வசதி அதில் உண்டு. எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் பட்டியலிடச் சொல்லும் ஒத்திகை வசதியும் உண்டு. ஒரு துணிக்கடைத் தளத்துக்கு முதன்முதலாக ஒத்திகை ஓட்டியபோது, 'டெலிட்டிங்' என்று தொடங்கும் வரிகள் திரையில் நிற்காமல் ஓடின. கடைக்காரர்கள் நிர்வாகப் பக்கத்தின் வழியாகத் தாங்களே ஏற்றியிருந்த புடவைப் படங்கள் அனைத்தும் அந்தப் பட்டியலில் இருந்தன. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கிட் என்ற கருவியில் உள்ள எங்கள் களஞ்சியத்தில் அந்தப் படங்கள் ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே, ஆர்சிங்கின் கணக்கில் அவை வேண்டாதவை. ஃபைல்சில்லாவில் எங்கள் மூத்தவர் அந்த ஃபோல்டர் பக்கமே போனதில்லை என்பதால், அதைத் தொடக்கூடாது என்று ஒரு விதி இருப்பதே எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவருக்கும்கூட அது ஒரு விதியாகத் தோன்றியதில்லை. கை பழகிய வழக்கமாக இருந்தது. கட்டளை ஒன்றை எழுத உட்கார்ந்தால்தான் இப்படிப்பட்ட வழக்கங்கள் வெளியே வருகின்றன.

அதன்பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின்மேல் நேரடியாக எழுதும் பழக்கத்தையே விட்டோம். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைநிரல் சட்டகத்தைப் பயன்படுத்துவோர் வட்டாரத்தில் கேப்பிஸ்ட்ரானோ என்ற கருவி பரவலாக்கிய முறையைப் பின்பற்றி, ஒவ்வொரு பதிப்பையும் தேதியும் நேரமும் கொண்ட தனி ஃபோல்டரில் ஏற்றுகிறோம். வாடிக்கையாளர் ஏற்றிய படங்களும் கான்ஃபிக் கோப்பும் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான வேறொரு ஃபோல்டரில் இருக்கின்றன. 'கரண்ட்' என்ற பெயருடைய சுட்டி ஒன்று (வேறொரு ஃபோல்டரைக் காட்டும் குறுக்குவழி), இன்று எந்தப் பதிப்பு ஓட வேண்டுமோ அதைக் காட்டி நிற்கிறது. புதிய பதிப்பு முழுமையாக வந்து சேர்ந்து, சோதனைகள் முடிந்த பிறகுதான் அந்தச் சுட்டியைத் திருப்புகிறோம். திருப்புவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய சுட்டியை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்கினால், இடையில் நொடியின் சிறு பகுதி நேரத்துக்குத் தளமே இல்லாமல் போகும். ஆகவே வேறு பெயரில் ஒரு சுட்டியை உருவாக்கி, அதற்குக் 'கரண்ட்' என்று பெயர் மாற்றுகிறோம். ஒரே கோப்பு முறைமைக்குள் நடக்கும் பெயர்மாற்றத்தை லினக்ஸ் பாதியில் பிளவுபடாத ஒரே செயலாகச் செய்து முடிக்கிறது. தளத்தின் நிரலை இயக்கும் பிஹெச்பி, தான் கண்டறிந்த பாதைகளை இயல்பான அமைப்பில் 120 நொடி வரை நினைவில் வைத்திருக்கும் என்பதால், சுட்டி காட்டும் உண்மைப் பாதையையே வலைச் சர்வர் மென்பொருளான எஞ்சின்எக்ஸ் அதற்குக் கொடுக்கும்படி அமைத்தோம். அதைச் செய்யாதவரை, சுட்டி திரும்பிய பிறகும் சிறிது நேரம் பழைய பக்கம் தெரியும். இளையவர்கள் ஸ்கிரிப்டின் மேல் சந்தேகப்படுவார்கள்.

மழைக்காலத்தில் பெருங்குடியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த முறையின் அருமை விளக்காமலே புரியும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லை. அவ்வளவு பெரிய மழை தேவையில்லை. சாதாரண வடகிழக்குப் பருவமழையிலேயே இணைப்பு நடுவில் அறுந்துபோகும். எஃப்டிபியில் அப்படி அறுந்தால், பாதி புதியதும் பாதி பழையதுமான தளம் மக்கள் பார்வையில் நிற்கும். இப்போது அறுந்தால், யாரும் பார்க்காத ஒரு ஃபோல்டர் அரைகுறையாகக் கிடக்கும். சுட்டி திரும்பவில்லை, ஆகவே நேற்றைய தளம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி ஐந்து பதிப்புகளைச் சர்வரிலேயே வைத்திருப்பதால், புதிய பதிப்பில் கோளாறு தெரிந்தாலும் சுட்டியை முந்தைய பதிப்புக்குத் திருப்பிவிட்டு நிதானமாகக் காரணம் தேட முடிகிறது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் ஒரு நிகழ்வு உண்டு. நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம், நியூயார்க் பங்குச் சந்தையில் 2012 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த புதிய திட்டத்துக்காகத் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியது. ஏற்றியவர் ஏழில் ஏற்றிவிட்டார், எட்டாவது விட்டுப்போயிற்று. அதில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் அன்று காலை உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் நிறுவனத்துக்கு 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பை உண்டாக்கியது. ஏற்றிய வேலையை இன்னொருவர் சரிபார்க்கவில்லை என்றும், சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறையும் அங்கே இல்லை என்றும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் பதிவு செய்தது. கோளாறு தெரிந்தவுடன் சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. எந்த சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று தெரியாத நேரத்தில், பின்வாங்குவதுகூட ஆபத்தாகிவிடுகிறது. அந்த மனிதரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எட்டு இடங்களில் ஒரே வேலையைக் கையால் செய்யும் எவருக்கும் ஓர் இடம் விட்டுப்போகலாம். இந்த நிகழ்வைப் படித்த பிறகு, ஸ்கிரிப்டின் கடைசிப் படியாக ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் பதிப்பின் கிட் எண்ணைக் கேட்டு வாங்கி ஒப்பிடும் சோதனையைச் சேர்த்தோம். ஓர் இடத்தில் வேறுபட்டாலும் வேலை தோல்வி என்றே அறிவிக்கப்படும்.

குழுவுக்குள் நடந்த மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. ஸ்கிரிப்ட் கிட்டில் இருப்பதால், அதில் ஒரு வரி மாறினாலும் மற்றொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதைப் படித்துவிட்டு மூத்தவரிடம் போய், "அண்ணா, படங்கள் இருக்கற ஃபோல்டரை ஏன் விலக்குறோம்னு இங்கயே ஒரு வரி எழுதிடலாமா?" என்று கேட்டார். "எழுதும்மா. நாலு மாசம் போனா எனக்கே ஞாபகம் இருக்காது" என்றார் அவர். இன்று அந்த ஸ்கிரிப்டில் கட்டளைகளைவிடக் காரணக் குறிப்புகளே அதிகம். அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கிட்டின் பிரதான கிளையில் மாற்றம் சேர்ந்தவுடன் பில்டும் (நிரலைத் தளமாகத் தொகுக்கும் வேலை) சோதனைகளும் தானாகவே ஓடுகின்றன. லைவுக்கு அனுப்பும் பொத்தானை மட்டும் ஒரு மனிதர் அழுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தியவர் பெயர் பதிவாகும். அந்த அனுமதி கிடைத்த பிறகு, இளையவர்கள் தாங்கள் எழுதிய மாற்றத்தை நேரலையில் சேரும்வரை பின்தொடரத் தொடங்கினார்கள்.

பெரிய கருவிகளை நாங்கள் தேடிப் போகவில்லை. ஒரு சர்வரில் ஓடும் பள்ளித் தளத்துக்கு, பல சர்வர்களில் நிரல்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் வேண்டும் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. கருவி பெரிதானால், அதை முழுமையாகப் புரிந்தவர் மீண்டும் ஒரே ஒருவராகிவிடுவார். எங்கிருந்து விடுபட்டோமோ அங்கேயே போய் நிற்போம். தரவுத்தளத்தை மட்டும் இன்னும் பாதி கையால்தான் செய்கிறோம். சுட்டியைத் திருப்பினால் நிரல் பின்னோக்கிப் போய்விடும். ஆனால், அதற்குள் தரவுத்தளத்தில் வந்து சேர்ந்த ஆர்டர்கள் பின்னோக்கிப் போகா. அதனால் அட்டவணையில் புதிய பத்தியைச் (நெடுவரிசையை) சேர்ப்பதை முதல் வெளியீட்டிலும், பழைய பத்தியை நீக்குவதைச் சில வாரங்கள் கழித்து வரும் மற்றொரு வெளியீட்டிலும் செய்கிறோம். நீக்கும் படிக்கு முன்னால் காப்புநகல் எடுத்து, அதை வேறோர் இடத்தில் மீட்டுப் பார்த்துவிட்டு, இருவர் சேர்ந்து உட்கார்ந்துதான் கட்டளையை இயக்குகிறோம். இந்தப் படியைத் தானியக்கமாக்கும் அவசரம் எனக்கு இல்லை.

எஃப்டிபி மட்டுமே தரும் பகிர்வு சர்வரில் இன்னும் ஒரே ஒரு துணிக்கடைத் தளம் இருக்கிறது. அதையும் மாற்ற உரிமையாளர் சம்மதித்துவிட்டார். ஆடித் தள்ளுபடி முடியும்வரை தளத்தில் கை வைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆவணியில் அந்த வேலையைத் தொடங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான ஸ்கிரிப்டை இந்த முறை எங்கள் மூத்தவர் எழுதுகிறார். படித்து ஒப்புதல் தரும் பொறுப்பு அந்தப் புதிய பெண்ணுடையது.