சி6 காயம்: விரலை நீட்டிவிடும் முன்

சி6 என்பது கழுத்தின் ஆறாவது தண்டுவட நரம்பு மட்டம். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவரின் கைக்கு என்ன செய்யலாம் என்பதைப் பெரும்பாலும் மணிக்கட்டை வைத்தே முடிவு செய்கிறோம். உள்ளங்கை தரையைப் பார்க்க முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டைத் தூக்கச் சொல்வோம். முழுத் தூரம் தூக்கினால், தசை பலத்தை 0 முதல் 5 வரை அளக்கும் முறையில் கிரேடு 3. இதில் ஏமாறுவது சுலபம்: முன்கை லேசாகத் திரும்பினாலே புவியீர்ப்பில் கை தானாகச் சாய்ந்து, தூக்கியதுபோலத் தெரியும். அதனால் முன்கையைப் பிடித்துக்கொண்டு, தசைநாண் எழும்புகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

3-க்குக் கீழே என்றால் மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளின்ட் (அணைகட்டு); ஸ்பூன், பிரஷ் செருக உள்ளங்கையில் ஒரு பட்டை. 3 வந்துவிட்டால் பகலில் ஸ்பிளின்டைக் கழற்றிவிட்டு டெனோடெசிஸ் பிடியைப் பழக்குவோம். மணிக்கட்டு மேலே போனால் விரல்கள் மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் திறக்கும். விரலில் துளி பலம் இல்லாதவரும் காகிதம், பேனா எடுப்பது இப்படித்தான்.

விரலை மடக்கும் நாண்கள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் இந்தப் பிடி கிடைக்கும். வீட்டில் பாசத்தோடு மணிக்கட்டையும் விரல்களையும் ஒன்றாக நீட்டி நீட்டி விடுவார்கள்; நாண் தளர்ந்துவிடும், போன பிடி எளிதில் திரும்பாது. விரலை நீட்டும்போது மணிக்கட்டு தாழ்ந்திருக்க வேண்டும், மணிக்கட்டைத் தூக்கும்போது விரல் மடங்கியிருக்க வேண்டும். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போதும் உள்ளங்கையை விரித்து ஊன்றக் கூடாது. விரல்களை மடக்கியே ஊன்ற வேண்டும்.

ஆனால் காயம் முழுமையானது அல்ல, விரல் அசைவு திரும்பலாம் என்ற நிலையில் நாண்களை அவசரப்பட்டு இறுக விடுவதில்லை. இறுக்கம் அளவு மீறினால் கை திறக்காது, உள்ளங்கைத் தோலும் புழுங்கிப் புண்ணாகும்.

முழங்கையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீட்டும் தசை வேலை செய்யாதபோது மடக்கும் தசையான பைசெப்ஸ் மட்டும் இழுத்து, மடங்கியே நின்றுவிடும். நிமிராத முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்க முடியாது. அந்த அறிகுறி தெரிந்ததும் இரவில் நேராக வைக்கும் ஸ்பிளின்ட் போடுகிறோம்.

புது ஸ்பிளின்ட் எதுவானாலும் முதலில் 20 நிமிடம்தான். கழற்றிப் பார்த்து, சிவப்பு அடுத்த 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தைத் திருத்துவோம். அடிபட்டவருக்கு அங்கே வலி தெரியாமல் போகலாம்.

சட்டையைத் தானே போட ஒரு மணி நேரம் ஆகிறதென்றால், அதை இன்னொருவர் போட்டுவிடட்டும், மிச்சமாகும் தெம்பை வேறு வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் அதற்கேற்ப இலக்கை மாற்றி எழுதுகிறோம்.